ஜீப்புக்கு ஐந்து கியர் பெட்டி போடப் போகிறவர்களுக்கு, தாண்டிக்குடியிலிருந்து

பட்டறையில் முதலில் சொன்ன கணக்கு ரூ.45,000. கடைசியில் என் கையை விட்டுப் போனது ரூ.1,12,000. அந்த வருஷக் காப்பிப் பறிப்பு முழுக்க வாடகை வண்டிக்கு அழுத பணம் தனி. இதில் பெட்டிக்குப் போனது பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும் கீழேயும் போனது. பழைய ஜீப்பில் நாலு கியரைக் கழற்றிவிட்டு அஞ்சு கியர் போடப்போகிறேன் என்றதும் "போடுங்க, சூப்பரா இருக்கும்" என்றவர்கள் நிறையப் பேர். இன்ன இன்ன இடத்தில் செலவு வைக்கும் என்று சொல்ல ஒருத்தர்கூட வாய்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது மஹிந்திரா எம்.எம்.540. 2,112 சி.சி. பீஜோ டீசல் எஞ்சின், அறுபது சொச்சம் குதிரைத்திறன், கே.எம்.டி.90 என்கிற நாலு கியர் பெட்டி, அதன் முதுகில், இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிற டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ். தாண்டிக்குடிக்குக் கீழே மலைச்சரிவில் கொஞ்சம் காப்பி, நடுநடுவே மிளகும் ஆரஞ்சும். ஆள் ஏற்றவும் மூட்டை இறக்கவும் இந்த ஜீப்தான். மலைக்குள் ஓட்டுகிறவரை நாலு கியரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவை மாதாமாதம் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்த பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. பெரும்பாறை, சித்தரேவு வழியாக வத்தலகுண்டுக்கு இறங்கி, நிலக்கோட்டை தாண்டி நாலுவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் 70-க்கு மேல் எஞ்சின் கத்துகிற கத்தலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது. வாடிப்பட்டி வருவதற்குள் அப்பா துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். கேட்டால் குளிர் என்பார். மதுரை வெயிலில் என்ன குளிர்?

ஐந்தாவது கியர் என்ன தரும் என்று முதலில் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்குக்கு உங்கள் வண்டியின் பின்பக்க அச்சின் விகிதம் தெரிய வேண்டும். பின்பக்க இரண்டு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்லி, அச்சைச் சுழற்றுகிற நீளத் தண்டு, அதாவது புரோபல்லர் ஷாஃப்ட், எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் அதை இரண்டு சுற்று சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பாதியாக வரும். எனக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, அதாவது 4.88. அச்சுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமான கிரவுனில் 39 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு 2.28 மீட்டர் போகிறது என்று வைத்தால், நாலாவது கியரில் 80 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 2,850 சுற்று சுற்ற வேண்டும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.82 என்றால் அதே வேகத்துக்கு 2,350 போதும். ஐநூறு சுற்று குறைகிறது, காதுக்கு அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் இந்த லாபம் முழுக்கச் சமவெளியில்தான். வத்தலகுண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததிலிருந்து வீடு வரும்வரை ஐந்தாவது கியரில் கை படாது. படத் தேவையும் இல்லை. இந்தக் கணக்கை எனக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை என்பதைவிட, இதில் இன்னொரு பாதி இருக்கிறது என்று சொல்லவில்லை என்பதுதான் ஆத்திரம். அந்தப் பாதி முதல் கியரைப் பற்றியது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

பெட்டி தேடுவது தனிப் படலம். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய சாமான் கிடைக்கும். நம் பக்கத்திலும் கைமாற்றி விடுகிறவர்கள் உண்டு. பிற்கால மஹிந்திரா ஜீப்களில் வந்த பி.ஏ.10 என்கிற ஐந்து கியர் பெட்டியைத்தான் எல்லாரும் சொன்னார்கள். வியாபாரி ஒருவர் போனில், "ஃபோர் வீல் பெட்டிதான் சார், கண்ண மூடிட்டு மாட்டலாம்" என்றார். ரூ.28,000 கொடுத்து லாரி சர்வீஸில் வரவழைத்தேன். சாக்கைப் பிரித்தால் பின்னால் நீளமாக வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. டூ வீல் டிரைவ் பெட்டி, அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்கானது. முன்பாதியைப் பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டிதான், வித்தியாசம் பின்னால். டூ வீலில் மெயின் ஷாஃப்ட் நீண்ட வால் கூட்டுக்குள் ஓடி நேரே புரோபல்லர் ஷாஃப்டில் சேரும். ஃபோர் வீலில் அது குட்டையாக முடிந்து, டிரான்ஸ்ஃபர் கேஸை அணைக்கிற தட்டையான முகம் இருக்கும். டானா 18-ஐப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸைச் சுழற்றுகிற முதல் பல்சக்கரமே கியர் பெட்டியின் மெயின் ஷாஃப்ட் நுனியில்தான் உட்காருகிறது. அந்த நுனியில் நீளவாக்கில் வெட்டியிருக்கிற பல் வரிக்கு, அதாவது ஸ்ப்லைனுக்கு, பொருந்துகிற பல்சக்கரமும் நடுவே வரும் அடாப்டர் தட்டும் இல்லாமல் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "மாத்தித் தர்றேன், ஆனா மேல ஒம்பதாயிரம் ஆகும்" என்றார் வியாபாரி. லாரி வாடகை போக வர என் தலையில். வேறு வழி? கொடுத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆகவே போனில் சொல்வதைக் கேட்டுப் பணம் அனுப்பாதீர்கள். பெட்டியின் பின்முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. முன் ஷாஃப்டிலும் பின் ஷாஃப்டிலும் ஸ்ப்லைன் பல் எத்தனை, விட்டம் என்ன என்று எழுதி வாங்குங்கள். நேரில் பார்க்க முடிந்தால் எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். பித்தளைப் பொடி லேசாக மின்னினால் அது கியர் உரசாமல் விழ உதவுகிற சிங்க்ரோ வளையத்தின் தேய்மானம், பழைய பெட்டியில் இருக்கத்தான் செய்யும். காந்தத்தில் ஒட்டுகிற இரும்புச் செதில் வந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கியராகப் போட்டு, பின் ஷாஃப்ட் ஒரு சுற்று வர முன் ஷாஃப்டை எத்தனை சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். விற்கிறவர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். என் பழைய பெட்டியில் முதல் கியருக்கு நாலு சுற்றை ஒட்டி வந்தது. புதியதில் மூன்றரையைத் தாண்டிக் கொஞ்சம்தான். கேட்க அற்பமாகத் தெரியும் இந்த அரைச் சுற்றுதான் பிற்பாடு கொண்டை ஊசி வளைவில் என்னை வேர்க்கவைத்தது.

ஜீப்பை மதுரையில் ஒரு பட்டறையில் விட்டேன். விட்டது கார்த்திகை மாதம், தோட்டத்தில் காப்பி பழுக்கிற நேரம். "ஒரு வாரம்ணே, அடுத்த வாரம் நீங்களே ஓட்டிட்டுப் போயிருவீங்க" என்றார் மேஸ்திரி. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கிற பெல் ஹவுசிங் நல்லவேளையாகப் பெட்டியோடு வந்திருந்தது. ஆனால் கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டை புதிய ஷாஃப்டின் ஸ்ப்லைனுக்குப் பொருந்தவில்லை. பிளேட்டின் வெளி விட்டம் ஃப்ளைவீலுக்கும் உள் ஸ்ப்லைன் பெட்டிக்கும் ஒத்துப்போக வேண்டும். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்ந்து ரூ.9,500. ஷாஃப்டின் நுனி போய் உட்காருகிற பைலட் புஷ்ஷும் அளவு வேறு. இதில் மேஸ்திரி, "அது ஓடி ஓடித் தானா உக்காந்துரும்ணே" என்றார். உட்காராது. நுனி நடுமையத்தில் நிற்காவிட்டால் பேரிங் கத்தும், கியர் தானாக நழுவும், கிளட்ச் முழுதாக விடாது. பிடிவாதமாக நின்று லேத்தில் பித்தளையில் கடைந்து போடவைத்தேன். அதற்கு ரூ.1,800. மொத்தச் செலவில் மனசாரக் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

புதிய பெட்டி பழையதைவிட நீளம். அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப்போகிறது. ரூ.45,000 கணக்கு உடைந்தது இந்த இடத்தில்தான். பெட்டியைத் தாங்குகிற கிராஸ் மெம்பர் இடம் மாற வேண்டும். கியர் லிவர் பின்னால் வந்து டிரைவர் சீட்டில் இடிக்கும். தரைத் தகட்டை வெட்ட வேண்டும். ஃபோர் வீலுக்கும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற லோவுக்குமான சின்ன லிவர் இரண்டும் ஓட்டையை விட்டு விலகும். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து கிளம்புவதால் அதுவும் எட்டாது. இதையெல்லாம் பெட்டியைத் தரையில் வைத்து அளந்தாலே முன்கூட்டித் தெரிந்திருக்கும். நான் ஒரு நாள் ஊருக்கு வந்து திரும்புவதற்குள் பட்டறையில் கிராஸ் மெம்பரை கேஸ் வைத்து அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வெல்டிங் வைத்துவிட்டார்கள். பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. சேசிஸை முறுக்கிவிடாமல் பிடித்து நிற்கிற உறுப்பு அது. பட்டறை வாசலிலேயே சண்டை. கடைசியில் பழைய இடத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தை மீண்டும் வைத்து, பெட்டிக்குத் தனியாக போல்ட் போட்டு மாட்டுகிற தாங்கியும் புது மவுண்டிங் ரப்பரும் செய்தார்கள். அதற்கும் ரூ.8,500 என்னிடம்தான் வாங்கினார்கள். வீட்டுக்காரி போனில் கேட்டுக்கொண்டே இருந்தவள், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று மட்டும் சொன்னாள். தோட்டத்தில் பழம் உதிர்ந்துகொண்டிருந்தது. மூட்டை இறக்க வாடகைப் பிக்கப்பை அவள்தான் பேசி ஓட்டினாள்.

வண்டி ஒருவழியாக நகர்ந்தது. 50 கி.மீ. வேகத்தில் தரையெல்லாம் அதிர ஆரம்பித்தது, 60-ல் ஸ்டியரிங் பிடித்த கை மரத்துப்போகும். பின் அச்சுக்குப் போகிற புரோபல்லர் ஷாஃப்டைக் குட்டையாக வெட்டி ஒட்டியிருந்தார்கள், முன் அச்சுக்குப் போகிற ஷாஃப்டை நீட்டியிருந்தார்கள். வீல் பேலன்ஸ், டயர், எஞ்சின் மவுண்டிங் என்று எதையெதையோ குறை சொன்னார்கள். கடைசியில் திண்டுக்கல்லில் லேத்து வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் கீழே படுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தம்பி, யோக் ரெண்டும் வேற வேற திசையில பாக்குது" என்றார். விஷயம் இதுதான். ஷாஃப்டின் முனையில் மடங்கிக் கொடுக்கிற மூட்டு யு.ஜே. கிராஸ், அதைப் பிடித்திருக்கிற கவைதான் யோக். அந்த கிராஸ் சாய்வாகச் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் இருக்கிற கிராஸ் அதை எதிராகச் சரிக்கட்ட வேண்டும். அதற்கு ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் சாய்வுக் கோணம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வெட்டி ஒட்டும்போது கொஞ்சம் திரும்பிவிட்டாலே போச்சு. வெட்டுவதற்கு முன் குழாயின் நீளவாக்கில் ஒரே நேர்க்கோடு கீறிக்கொண்டால் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. செலவில்லாத வேலை. குட்டைச் சேசிஸ் ஜீப்பில் பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. இன்னும் குறைக்கும்போது சாய்வு இன்னும் கூடுகிறது, அதையும் கவனிக்க வேண்டும். அவர் இரண்டு ஷாஃப்டையும் மறுபடி செய்து, மிஷினில் பேலன்ஸ் போட்டு, பின் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைச் சரி செய்தார். ரூ.9,000. முதலில் மதுரையில் கொடுத்த ரூ.4,500 வீண். முன் ஷாஃப்டை அளக்கும்போது சக்கரம் தொங்குகிற நிலையில் ஒரு தரம், பாரம் ஏற்றி அமுங்கிய நிலையில் ஒரு தரம் அளக்கச் சொன்னார். தோட்டப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது உள்ளே செருகியிருக்கிற ஸ்ப்லைன் வெளியே வந்துவிடக் கூடாது.

இனி முதல் கியர் விஷயம். எல்லாம் முடிந்து வத்தலகுண்டிலிருந்து அரிசி, உரம், இரண்டு ஆள் என்று பாரத்தோடு ஏறினேன். சித்தரேவு தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ். நின்று, மறுபடி கிளப்ப வேண்டும். பழைய பெட்டியில் கிளட்சை விட்டால் வண்டி தானாக நகரும். இதில் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு எஞ்சினை உறும விட்டால்தான் நகர்ந்தது. அடுத்த வளைவிலும் அதே கதை. பெரும்பாறை வருவதற்குள் புது கிளட்ச் தீய்ந்த வாடை. பின்னால் உட்கார்ந்திருந்தவர், "என்னண்ணே, ரப்பர் எரியுதா?" என்கிறார். லோவில் போட்டால் முடிந்தது என்று தோன்றும். டானா 18-ல் லோ விகிதம் 2.46, ஏறத்தான் ஏறும். ஆனால் முன் அச்சைச் சேர்க்காமல் லோ விழாது, உள்ளே பூட்டு அப்படி. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் வளைந்தால் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு எல்லாம் முறுக்கும், ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

இதற்கு வழி முன் சக்கரத்தில் கையால் பூட்டித் திறக்கிற ஃப்ரீ வீல் ஹப். என் வண்டியில் அது இல்லை, நிரந்தரமாகப் பூட்டிய மூடிதான். ஜோடி ரூ.12,000 கொடுத்துப் போட்டேன். ஹப்பைத் திறந்து வைத்துவிட்டு லோவில் போட்டால் முன் அச்சு சும்மா இருக்க, பின் சக்கரம் மட்டும் லோவில் இழுக்கும். தார் ரோட்டில் முறுக்கல் இல்லை. ஒரு எச்சரிக்கை: அந்த நிலையில் முழு இழுவையும் பின் அச்சின் தலையில்தான் விழுகிறது. கிளட்சைச் சடாரென்று விட்டால் அச்சுத் தண்டு போய்விடும். இறக்கத்துக்கும் இதே கணக்குதான். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று மலையில் சொல்வார்கள். புதுப் பெட்டியில் இரண்டாவது கியரின் பிடிமானம் பழைய இரண்டாவதைப் போல இல்லை, பிரேக்கில் கால் அதிக நேரம் நிற்கிறது. பாரத்தோடு இறங்கும்போது இப்போதெல்லாம் முதல் கியருக்குப் போய்விடுகிறேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம், சின்னது என்று விட்டால் பெட்டியே போய்விடும். மாட்டிய கொஞ்ச நாளில் கியர் விழும்போது கரகரவென்றது. திறந்து பார்த்தால் கியர் பெட்டியில் எண்ணெய் குறைவு, டிரான்ஸ்ஃபர் கேஸின் மூடியைத் திறந்ததும் அது வழிந்து கொட்டுகிறது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, நடு சீல் வழியாக இதிலிருந்து அதற்குப் போயிருக்கிறது. புதிதாக மாட்டியதும் சில நூறு கி.மீ.யில் இரண்டு அளவையும் ஒன்றாகப் பாருங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் சீல்தான். அச்சுக்கு ஊற்றுகிற அதே எண்ணெயை மிச்சம் இருக்கிறதே என்று கியர் பெட்டியில் ஊற்றவிடாதீர்கள். அச்சுக்கு ஊற்றுகிற ஜி.எல்.5 வகை எண்ணெயில் இருக்கிற சில சேர்க்கைகள் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது.

ஆர்.சி. பற்றிப் பலர் கேட்டார்கள். எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நான் எஞ்சினைத் தொடவில்லை. இருந்தாலும் 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது நேரில் பார்ப்பார்கள். வெட்டி ஒட்டிய சேசிஸோடு அங்கே போய் நிற்காதீர்கள். செய்யும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுவது நல்லது.

லாபம் இல்லாமல் இல்லை. வாடிப்பட்டி ரோட்டில் 75-ல் அலுங்காமல் போகிறது, அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார். சமவெளியில் லிட்டருக்கு 10 கி.மீ. என்பது பதினொன்றரை ஆகியிருக்கிறது. ஆனால் டீசல் மிச்சத்தில் முதலை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாதம் ஒரு மதுரைப் பயணத்தில் சமவெளித் தூரம் போக வர 120 கி.மீ. என்றால், மிச்சமாவது ஒன்றரை லிட்டர்தான். என் ரூ.1,12,000 திரும்பி வர அறுபது வருஷம் ஆகும். மலைக்குள்ளேயே வண்டி ஓடுகிறவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பது என் எண்ணம். வாரத்தில் பாதி நாள் திண்டுக்கல், மதுரை என்று கீழே கிடப்பவர்கள் செய்யலாம். பெட்டிக்குப் பதிலாக அச்சு விகிதத்தை மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. அதைச் செய்தால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இரண்டையும் மாற்ற வேண்டும். தவிர, அது முதல் கியரையும் சேர்த்துத்தான் பலவீனமாக்கும், மலைக்காரனுக்கு இரட்டை நஷ்டம்.

செய்துதான் ஆக வேண்டும் என்றால், பெட்டி, அடாப்டர், பல்சக்கரம், பெல் ஹவுசிங், கிளட்ச், பைலட் புஷ், மவுண்டிங் எல்லாம் ஒரே இடத்தில் தரையில் வந்து சேர்ந்து, பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஜீப்பில் முதல் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். காப்பி, கேரட், பூண்டு, எது உங்கள் விளைச்சலோ அந்தச் சீசன் முடிந்து வண்டியை விடுங்கள். வெட்டுகிற வேலை எதுவும் நீங்கள் பக்கத்தில் நிற்காமல் நடக்கக் கூடாது என்று எழுதியே வாங்கிவிடுங்கள். பழைய பெட்டியை விற்காதீர்கள். பண்ணைக்காட்டிலிருந்து ஒருவர் வந்து என்னுடையதுக்கு ரூ.9,000 தருகிறேன் என்றார், கொடுக்கவில்லை. அதன் பெல் ஹவுசிங், கிளட்ச் பிளேட், வெட்டிய பழைய கிராஸ் மெம்பரில் மிஞ்சிய துண்டு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி, எண்ணெய் தடவி ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறேன்.